மிஸஸ் நோவாக்கின் காட்டில் பசுபதி

பசுபதி கதவைச் சாத்துகிற சத்தத்தை ஜலஜா கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடியே கதவைச் சட்டத்தோடு சேர்ப்பார்; சேர்ந்த பிறகுதான் கைப்பிடியை மெல்ல விடுவார். காரின் கதவையும் அப்படித்தான், இடுப்பால் அழுத்திச் சாத்துவார். காபியைக் கலக்கினால் ஸ்பூன் டம்ளரில் படாது. வீட்டுக்குள் செருப்பில்லாமல் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடப்பார்.

"அம்மாடி!" ஜலஜா சமையலறையில் திரும்பிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். "எப்ப வந்து நின்னீங்க? ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் எனக்கு ஹார்ட் அட்டாக் வரப்போகுது பாருங்க."

"இப்பத்தான் வந்தேன்."

"இருமிக்கிட்டாவது வாங்களேன். பூனைக்கு யார் மணி கட்டறதுன்னு கேப்பாங்க. எங்க வீட்டுல புருஷனுக்குக் கட்டணும்."

அவர் சிரிப்பார். அதுவும் சத்தமில்லாத சிரிப்பு.

வேண்டுமென்று வளர்த்துக்கொண்ட பழக்கம் இல்லை அது. கோயம்புத்தூரில் மில்லுக்குப் பின்னால் லைன் வீடு, ஒரே அறை. அப்பாவுக்கு எப்போதும் இரவு ஷிப்ட். காலையில் பஞ்சுத் தூசி படிந்த தலையோடு வந்து படுத்தார் என்றால், சாயங்காலம் வரைக்கும் அந்த அறை அவருடைய தூக்கத்துக்குச் சொந்தம். பிள்ளைகள் எல்லோரும் அதற்குள்ளேயே தின்று, படித்து, சண்டைபோட்டு வளர்ந்தார்கள். சண்டை என்றால் கிள்ளுவது. அழுகை வந்தால் பாவாடையையோ துண்டையோ வாயில் திணித்துக்கொள்வது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த ஒரே ஆள் பசுபதி. அப்பாவின் குறட்டை ஏறும்போது பக்கத்தைப் புரட்ட வேண்டும், இறங்கும்போது கையை எடுத்துவிட வேண்டும் என்று பழகியவர். கெமிஸ்ட்ரி அவருக்கு அந்தத் தாளத்தில்தான் மண்டைக்குள் ஏறியது.

கடல் கடந்து ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்து, ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தத் தாளம் மாறவில்லை. அங்கே அவரைப் 'பேட்' என்று கூப்பிட்டார்கள். பேட் நல்ல ஆள், தவறே செய்யமாட்டார், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது என்பது அவரைப் பற்றிய பொது அபிப்பிராயம். ஜலஜாவுக்கு நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு பேங்கில், செக்குகளை மிஷினில் ஏற்றுகிற சாயங்கால ஷிப்ட். அவர் வீட்டுக்கு வரும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். அடுப்பின்மேல் மூடி வைத்த பாத்திரம் இளஞ்சூட்டில் இருக்கும். பிள்ளைகள் இல்லை. சத்தம் போடாதே என்று சொல்ல யாருமே இல்லாத வீட்டில் அவர் சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைச் சத்தம் போடாமல் கழுவி வைப்பார்.

மான் அவர் வாழ்க்கைக்குள் வந்தது எண்பத்திரண்டாம் வருஷம் நவம்பரில். மன்ரோ பக்கம் சோளக்கொல்லைகளுக்கு நடுவே போகும் ரோட்டில், பொழுது மங்கும் நேரம், காரின் முன்பக்கத்தில் ஏதோ இடித்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு பெண்மான். போலீஸ்காரர் வந்தார், அவருக்கு அடி இல்லையே என்று விசாரித்தார், மானை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். பசுபதி பயந்துபோய் வேண்டாம் என்றார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவரைத் தூங்கவிடாமல் செய்தது அடிபட்ட மான் அல்ல. அவ்வளவு பெரிய உடம்பு, காய்ந்த சோளத்தட்டைக்குள்ளிருந்து வந்திருக்கிறது, ஒரு சருகு நொறுங்கவில்லை. தன்னைவிட சத்தமில்லாத ஓர் உயிரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் வேட்டைக்கான வகுப்புக்குப் போய் லைசென்ஸ் வாங்கினார். துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது. வில் வாங்கினார்.

ஜலஜா அந்த வில்லைக் கராஜில் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "கோழி வெட்டறதையே பாக்க மாட்டீங்க. சுத்தம் பண்ணி பாக்கெட்ல போட்டுக் குடுத்தாத்தான் தொடுவீங்க. நீங்க மானைக் கொல்லப் போறீங்களா?"

"கொல்றது அப்புறம். முதல்ல அதுக்குப் பக்கத்துல போகணும்."

"பக்கத்துல போய்?"

அவர் குனிந்து வில்லின் நாணைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்கும் அடுத்த வருஷம், இடம் தேடி அலைந்தபோது அகப்பட்டதுதான் மிஸஸ் நோவாக்கின் காடு. மன்ரோவில், அந்த ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு பழைய பண்ணைவீடு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அந்த வீட்டில் அவள் தனியாக இருந்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் புதர்வேலி, அதற்கப்பால் சோளம், சோளத்துக்கப்பால் ஓக் மரங்கள். கதவைத் தட்டி அனுமதி கேட்கத் தயங்கி அவர் மூன்று வாரம் அந்த ரோட்டில் காரை மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறார். கடைசியில் அவளே தபால்பெட்டியருகே நின்று கையைக் காட்டிக் காரை நிறுத்தினாள்.

"என்ன வேணும் உனக்கு? வீடு வாங்கணுமா? விக்கறதுக்கில்ல."

அவர் இறங்கி நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். அவள் பேர் கேட்டாள். பேட் என்றார். அது உங்க அம்மா வைத்த பேர் இல்லையே என்றாள். முழுப்பேரைச் சொன்னார். அவள் அதை வாய்க்குள் இரண்டு தடவை போட்டு மென்று பார்த்தாள்.

"சரி, பாசு-பாட்டி. மரத்துல ஏறிக்க. மானை அடிச்சுக்க. என் சோளத்தைத் தின்னு கொழுத்த மான்தான் எல்லாம். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. மரத்தை விட்டு இறங்கினதும் இந்தக் கதவைத் தட்டி, இறங்கிட்டேன்னு சொல்லிட்டுப் போ. அவ்வளவுதான்."

"கண்டிப்பா," என்றார் பசுபதி. அப்போது அது அவருக்கு மிகச் சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது.

முதல் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் மரத்தை விட்டு இறங்கி, புதர்வேலியின் இடைவெளியில் புகுந்து, அந்த வீட்டின் பின்படி வரைக்கும் வந்துவிட்டார். சமையலறை ஜன்னலில் வெளிச்சம். மேஜையில் இரண்டு கப்புகள் கவிழ்த்து வைத்திருந்தன. நடுவில் ஏதோ ஒரு ரொட்டி, துணி போட்டு மூடியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. முதல் தடவையாக ஒருத்தர் வீட்டுக்குள் போகிறோம், கையில் ஒன்றும் இல்லை. லைன் வீட்டில் எத்தனை பஞ்சம் வந்தபோதும் அம்மா வெறுங்கையோடு யார் வாசலையும் மிதித்ததில்லை. ரெண்டு எலுமிச்சம்பழமாவது முந்தானையில் இருக்கும். அதிலும் இவளுடைய காட்டில் உட்கார்ந்து, இவளுடைய சோளத்தைத் தின்ற மானுக்குக் காத்திருந்துவிட்டு, கையை வீசிக்கொண்டு போய் உட்கார்ந்து அவள் ரொட்டியையும் தின்பதா? முதல் மான் விழட்டும், அதன் பின்தொடை ஒன்றை எடுத்துக்கொண்டு கதவைத் தட்டலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பே ஒரு நிம்மதியாக இருந்தது. வந்த வழியே திரும்பினார்.

விஷயத்தைக் கேட்ட ஜலஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வரச்சொன்னவங்க வீட்டுக்குப் போறதுக்கு மான் தொடை எதுக்குங்க? ஷாப்-ரைட்ல ஒரு கேக் வாங்கிட்டுப் போகக் கூடாதா?"

"காட்டுக்குள்ள இருந்து இறங்கிக் கடை கேக்கோட போறதா? நல்லாவா இருக்கும்?"

"அதைவிட நல்லா இருக்கு, ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு ஓடி வந்தது. போலீஸைக் கூப்பிடாம இருந்தாங்களே அந்த அம்மா."

முதல் தடவை தட்டாததால் இரண்டாவது தடவை இன்னும் கஷ்டமாயிற்று. போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? மூன்றாவது வாரம், போன இரண்டு வாரமும் ஏன் என்று கேட்டால்? ஒரே ஒரு மான் கிடைத்துவிட்டால் எல்லாக் கேள்விக்கும் சேர்த்து அதுவே பதிலாகிவிடும். ஆகவே மான் வேண்டும். இறைச்சிக்கு அல்ல, அந்தக் கதவைத் தட்டுவதற்கு.

வேட்டையை அவர் படித்தது பரீட்சைக்குப் படித்த மாதிரி. ஓக் கொட்டைகள் உதிரத் தொடங்கும் வாரத்தில் மான்கள் சோளத்தை விட்டு மரத்தடிக்கு வரும். சோளம் அறுத்த மறுநாள் வழியையே மாற்றிக்கொள்ளும். மழைக்கு முந்திய மதியம் வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்து நடமாடும். மனிதன் நடக்கிற தாளம் மானுக்குத் தெரியும்: ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. அதனால் அவர் மான் மாதிரியே நடந்தார். இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மூன்று அடி, நீண்ட நிறுத்தம். காற்று வீசி இலை சலசலக்கும்போது மட்டும் காலை எடுத்து வைத்தார். நியூவர்க்கில் இறங்கப்போகும் விமானம் தலைக்குமேல் இரைந்துகொண்டு போனால் அந்த இரைச்சலுக்குள்ளேயே மரமேறிவிடுவார். அப்பாவின் குறட்டையில் பக்கம் புரட்டியவருக்கு இதெல்லாம் புதிதில்லை.

காற்றுதான் புதிது. மேட்டோரத்தில் எருக்கு இனத்துச் செடி ஒன்று மண்டிக்கிடந்தது; அக்டோபரில் அதன் காய் வெடித்துப் பட்டுப் பஞ்சாய்ப் பறக்கும். அதில் ஒரு கை பையில் போட்டுக்கொண்டு, மரத்தின் மேலிருந்து ஒவ்வோர் இழையாக விட்டுப் பார்ப்பார். அது போகிற வழியில்தான் தன் வாசனையும் போகிறது என்று அர்த்தம். அந்த வாசனைக்காக வீட்டில் பெரிய யுத்தமே நடந்தது. வேட்டைத் துணியைத் தனியாகத் துவைத்து, காய்ந்த இலைகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கராஜில் தொங்கவிட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வீட்டுல தாளிக்கக் கூடாதுன்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு?" என்பாள் ஜலஜா. "பெருங்காய வாசனைக்கு மான் ஓடுமா? எங்க மாமியாரே ஓடினதில்ல."

மரத்தில் இறுகக் கட்டிய சின்னத் தட்டுதான் அவர் இருக்கை. அதில் ஏறி உட்கார்ந்து மரத்தோடு மரமாகிவிட்டால், கொஞ்ச நேரத்தில் அணில் பூட்ஸ்மேல் ஏறி இறங்கும். அந்த நேரங்களில் பசுபதிக்குத் தான் தனியாக இருப்பது உறைக்காது. வீட்டில் இருக்கும்போதுதான் உறைக்கும். ஏன் அப்படி என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. காட்டில் யாரும் இவரைப் பேசச்சொல்லவில்லை, அதனாலா? அல்லது இவர் சத்தமில்லாமல் இருப்பதற்குக் காட்டில் மட்டும்தான் ஒரு காரணம் இருந்ததா?

மான்கள் வந்தன. கொம்பு மான்கள் தூரத்தில் போயின. குட்டிகள் மரத்தடியிலேயே நின்று மேய்ந்தன. அவற்றின்மேல் அவர் வில்லை எடுக்கவில்லை. ஒரு பெரிய பெண்மான் மட்டும் அவருக்குப் பாடம் நடத்தியது. தலையைக் குனிந்து மேய்வது போலப் பாவனை செய்யும். இவர் கை அசைந்ததும் வெடுக்கென்று நிமிரும். முன்காலால் தரையை ஒரு தட்டு. அப்புறம் வெள்ளை வால் மட்டும் தெரியும். அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் கணத்தில் நாணை இழுக்க வேண்டும், முந்தினாலும் போயிற்று, பிந்தினாலும் போயிற்று. இரண்டு சீசன்கள் அந்தக் கணம் அவருக்குக் கிடைக்கவில்லை.

சுவாமிநாதன் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுகிற பாட்லக் விருந்தில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. சுவாமிநாதன் பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், தட்டில் தயிர்சாதத்தோடு சோபாவில் இடம்பிடித்துக்கொண்டு ஊர் வம்பையெல்லாம் நடத்துகிறவர்.

"என்ன பசுபதி, மான் கிடைச்சுதா? இல்ல, கிரீன் கார்டு மாதிரி அப்ளை பண்ணிட்டு வெயிட்டிங்கா?"

"வரும் சார்."

"ஓய், அது இவரை ஸ்பான்ஸர் பண்ணணுமோல்லியோ, அதான் லேட் ஆறது!"

எல்லோரும் சிரித்தார்கள். பசுபதியும் சிரித்தார். ஜலஜா மட்டும் அவரைப் பார்த்தாள். கையில் ஒரு டஜன் வாழைப்பழமும் ஒரு டப்பா மிக்சரும் இல்லாமல் அந்த வீட்டுக்குள் அவர் நுழைந்திருக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

இதற்குள் அவர் மானுக்குக் கற்ற வித்தையெல்லாம் மிஸஸ் நோவாக்கின் மேலேயும் பாய்ந்துவிட்டது. டெலிவிஷன் செய்தி தொடங்கும்போது அவள் முன்னறைக்குப் போவாள், பின்பக்கம் காலி. கோழிகளை அடைக்க வரும்போது தெற்குப் பக்கமே பார்க்கமாட்டாள். பின்வாசல் விளக்கு எப்போதும் எரியும், அதன் வெளிச்சம் வேலியின் மூலை வரை எட்டாது. அவளுடைய பாதையில் காரை நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று, ரோட்டோரச் சர்ச்சின் பின்புறம் நிறுத்திவிட்டு வயல் வரப்பில் நடந்து வந்தார். போகும்போது அந்த வேலி இடைவெளியை ஒரு நிழல் போலக் கடப்பார். சில நாள் அவள் வாசலில் வந்து நின்று மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது அவர் சோளத்துக்குள் குந்தி, அவள் உள்ளே போகும் வரைக்கும் மூச்சை அடக்கிக் காத்திருப்பார். அது அவமானமாக இருந்தது. அவமானமாக இருந்ததாலேயே இன்னும் கவனமாக ஒளிந்தார்.

எண்பத்தாறு அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மதியமே மரமேறினார். சாயங்காலம் மழை வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். பஞ்சிழை நேராக முகத்தை நோக்கி வந்தது, அருமையான காற்று. மரத்தோடு உடம்பைப் பிணைக்கிற பெல்ட் ஒன்று உண்டு. அதன் கொக்கி, அவர் மூச்சு விடும்போதெல்லாம் 'கிண்' என்று ஒரு சின்ன ஓசை எழுப்பியது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. பசுபதிக்குக் காதில் ஊசி குத்துவது போல இருந்தது. பெல்ட்டையே அவிழ்த்து வைத்தார்.

அந்தப் பெரிய பெண்மான் வந்தது. அவசரமில்லாமல் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே வந்து, இவருக்கு நேர் எதிரே நின்ற மரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தது. விலா முழுதும் வெளியே. இதுதான். நாணை இழுத்தார். மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்று அம்பின் வழியில் நின்றது; கொஞ்சம், மிகக் கொஞ்சம், இடுப்பை வெளியே சாய்த்தார்.

விழுந்தபோதுகூட அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

நினைவு தெளிந்தபோது மான் இல்லை. வலது கால் முட்டிக்குக் கீழே வேறொருவருடைய காலைப் போலத் திரும்பிக் கிடந்தது. எழ முயன்றார், கண் இருட்டியது. தவழ முயன்றார், ஒரு கையளவு நகர்வதற்குள் வாந்தி வந்தது. ஜலஜா வேலை முடிந்து வர நடுராத்திரி ஆகும். கார் சர்ச்சுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் இருந்தது. இங்கே ஓர் ஆள் இருக்கிறான் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லாமல் அவரே பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். அந்த நினைப்பு வந்தபோது அவருக்குக் குளிர ஆரம்பித்தது.

கூப்பிட வேண்டியதுதான். சோளக்கொல்லைக்கு அந்தப் பக்கம்தான் வீடு. உரக்கக் கத்தினால் கேட்கும். வாயைத் திறந்தார். என்னவென்று கத்துவது? ஹெல்ப் என்றா? மிஸஸ் நோவாக் என்றா? மூன்று சீசனாக ஒரு தட்டுத் தட்டாத ஆள், இப்போது கால் உடைந்ததும் அலறிக் கூப்பிடுவதா? ஒரு தடவை முயன்றார். தொண்டையில் காற்று மட்டும் வந்தது. மழை தூற ஆரம்பித்தது. வெளிச்சம் மரங்களின் அடியிலிருந்து மேல்நோக்கி வற்றிக்கொண்டே போனது. இப்படியே செத்துப்போனாலும் போவேனே தவிரக் கத்தமாட்டேனா என்று அவர் தன்னையே கேட்டார். பதில் தெரிந்தபோது மழையைவிட அதுதான் பயமாக இருந்தது.

டார்ச் வெளிச்சம் சோளத்துக்குள் ஆடி ஆடி வந்தது. ஆண்களின் ரப்பர் பூட்ஸ், தலையில் பிளாஸ்டிக் முக்காடு. மிஸஸ் நோவாக் மூச்சு வாங்கிக்கொண்டு அவர்மேல் வெளிச்சத்தை அடித்தாள்.

"உயிரோட இருக்கியா, பாசு-பாட்டி?"

"எஸ்," என்றார்.

"வாய் இருக்கே உனக்கு! இது இருக்கும்போது ஏன் கத்தல?"

அவள் திரும்பிப் போய் முதலுதவிக்காரர்களுக்குப் போன் செய்துவிட்டு, ஒரு கம்பளியோடு மறுபடி வந்தாள். அதை அவர்மேல் போர்த்தி, ஈரத் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இருட்டு முழுசாக இறங்கியிருக்கவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று பசுபதி கேட்டார்.

"எது தெரிஞ்சுது? நீ வர்றதா? வந்த முதல் வருஷத்திலிருந்தே தெரியும். சர்ச்சுக்குப் பின்னாடி யாரோட காருன்னு பாதிரியார் கேட்டார். என் வேட்டைக்காரனோடதுன்னு சொன்னேன். நீ வேலியைத் தாண்டும்போது உன் தொப்பி தெரியும். தொப்பி போனப்புறம்தான் பின்வாசல் விளக்கை அணைப்பேன். இன்னைக்குத் தொப்பி போகல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை ஒளிதலையும் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என் புருஷன் டிராக்டர்மேலயே செத்துப்போனான்," என்றாள் அவள், வயலைக் காட்டி. "காலைல போனவன். எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துது, வேலை பாக்கறான்னு நினைச்சுக்கிட்டு நான் ஆப்பிள் நறுக்கிக்கிட்டிருந்தேன். சாயங்காலம்தான் தெரிஞ்சுது. அதனாலதான் தட்டச் சொன்னேன். காபிக்காக இல்ல. சரி, காபிக்காகவும்தான்."

"நான் வெறுங்கையோட..." என்று அவர் ஆரம்பித்து, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திணறி, மான் கிடைத்ததும் வரலாம் என்று இருந்ததாகச் சொன்னார்.

அவள் டார்ச்சை அவர் முகத்துக்குத் திருப்பினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மழையில் முக்காடு நழுவ, இருமிக்கொண்டே சிரித்தாள். "மான் கறியா? நாப்பது வருஷம் அதைத் தின்னு எனக்குப் பல்லே போயிடுச்சு. முட்டாள். கால் சரியானதும் வந்து தட்டு. தட்டினாப் போதும். எத்தனை தட்டு பாக்கி வச்சிருக்கே தெரியுமா நீ?"

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கோழிகளைப் பற்றி, பென்சில்வேனியாவில் இருக்கும் மகளைப் பற்றி. பசுபதிக்கு வலியில் பாதி காதில் விழவில்லை. ஆனால் தன்னைப் பார்த்து ஒருத்தர் அவ்வளவு நேரம் பேசியது அதற்கு முன் எப்போது என்று அவருக்கு நினைவில்லை.

காலில் இரும்பு வைத்துத் தைத்தார்கள். ஊன்றி நடக்க மாசக்கணக்கில் ஆயிற்று. நடக்க வந்ததும் ஜலஜா ஞாபகப்படுத்தினாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை போய்ட்டு வந்துடலாமா? நான் டிரைவ் பண்றேன்."

"போலாம். ஆனா உசுரைக் காப்பாத்தினவங்களுக்கு என்னத்தைக் கொண்டுபோறது?"

"அவங்கதான் ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்களே!"

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நாம அப்படியே போயிடறதா?"

முன்பு ஒரு பின்தொடையில் முடிந்திருக்கும் விஷயம். இப்போது எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் போதாது. புடவை வாங்கலாமா, அவள் புடவையை என்ன செய்வாள்? வெள்ளிக் கிண்ணம்? அது கூலி கொடுப்பது மாதிரி. யோசனையிலேயே வசந்தம் போய், கோடை போனது. அந்த இலையுதிர் காலத்தில் மரமேறக் கால் இடம் கொடுக்கவில்லை. மரமேறாதவன் இறங்கிவிட்டேன் என்று சொல்லிக் கதவைத் தட்டுவது எப்படி என்று ஒரு நாள் கேட்டார். ஜலஜா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த டிசம்பரில் கம்பெனி கைமாறியது, சோதனைக்கூடத்தை மூடினார்கள். டெக்சாஸில் சுகர் லேண்டில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் லேபில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலிசெய்து சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கிளம்புகிற காலையில் ஜலஜா ஒரு டப்பாவோடு காரில் ஏறினாள். முந்தின நாள் கிண்டிய தேங்காய் பர்ஃபி.

"டர்ன்பைக் ஹைவே அப்புறம். முதல்ல மன்ரோ போங்க. கையில கொண்டுபோக இருக்கு, இனிமே ஒண்ணும் சொல்ல முடியாது."

இரவெல்லாம் பனி பெய்து ஓய்ந்திருந்தது. பாதையின் முனையில் காரை நிறுத்தி, டப்பாவை வாங்கிக்கொண்டு அவர் மட்டும் நடந்தார். பனியில் கால் புதையும் ஓசைகூட இல்லை. நொண்டும் காலும் அவருக்குப் பழகியிருந்தது. பின்வாசல் படியேறினார். ஜன்னலில் மிஸஸ் நோவாக் தெரிந்தாள். மேஜையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பட்டாணியா பீன்ஸா ஏதோ உரித்துக்கொண்டிருந்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள். வாய் அசைந்தது, தனக்குத்தானே பேசுகிறாளோ, ரேடியோவோடு பாடுகிறாளோ.

கையை உயர்த்தினார். விரல் முட்டி கதவிலிருந்து ஓர் இலை தடிமனில் நின்றது.

தட்டினால் திறப்பாள். திறந்ததும் அவள் முகம் எப்படி ஆகும் என்று அவருக்குத் தெரிந்தது. அதே மூச்சில், டெக்சாஸுக்குப் போகிறேன், கார் காத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது இதற்கா? வந்த ஆளாகவும் போகிற ஆளாகவும் ஒரே நிமிஷத்தில் அவள் முன்னால் எப்படி நிற்பது? கூச்சமா, கோழைத்தனமா, வெறும் பழக்கமா, எது அந்தக் கையைப் பிடித்தது என்று பிற்பாடு பல தடவை யோசித்தும் அவரால் சொல்ல முடிந்ததில்லை. குனிந்து டப்பாவைப் பனி படாத மூலையில் வைத்தார். இறங்கி நடந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ஜலஜா.

"தூங்கறாங்க. வச்சிட்டு வந்தேன்."

அவள் நம்பினாள். டெலாவேர் பாலம் தாண்டி, மேரிலாண்ட் தாண்டி, வர்ஜீனியாவில் காபிக்கு நிறுத்திய இடத்தில்தான், கப்பைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"தூங்கல. முழிச்சுத்தான் இருந்தாங்க."

ஜலஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தட்டலையா?"

"இல்ல."

"வாசல் வரைக்கும் போயிட்டு?"

அவர் தலையசைத்தார்.

"அந்த அம்மா கதவைத் திறந்து பாத்திருப்பாங்க இந்நேரம். பனியில உங்க காலடி வந்தது, நின்னது, திரும்பினது எல்லாம் தெரிஞ்சிருக்கும். அவங்களுக்கா தெரியாது?" அவள் குரல் உடைந்தது. "திரும்புங்க."

"ரொம்ப தூரம் வந்தாச்சு ஜலஜா. திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும்."

"அப்ப போன் பண்ணுங்க."

"போன்ல என்னன்னு சொல்றது? அக்டோபர்ல லீவு எடுத்துட்டு வரலாம். ரெண்டு பேரும் வரலாம். நேரா போய்த் தட்டிடறேன்."

ஜலஜா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். இருவரும் காருக்குத் திரும்பினார்கள். அந்த அக்டோபரில் புது வேலையில் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த அக்டோபரில் கிடைத்தது, அவர்கள் போகவில்லை.